மூணாம் கேட் கடிதங்கள்

எவாரிஸ்டோ அண்ணன் இறந்துபோன செய்தி லவ்னெஸ் கட்டோங்கோவுக்கு ஒரு டாக்சி டிரைவர் வாயிலிருந்துதான் வந்தது. செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணி இருக்கும். சுரங்க ஊரான கிட்வேயின் பேருந்து நிலையத்தில் எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் உட்கார்ந்து மாவுருண்டை பொரித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன லவ்னெஸ், இன்னிக்கும் சட்டியை ஏத்திட்டே? உனக்கு விஷயமே தெரியாதா?"

"என்ன விஷயம்?"

"ரேடியோ எவாரிஸ்டோ போயிட்டாரும்மா. ராத்திரி நிகழ்ச்சியை முடிச்சுட்டுப் படி இறங்கும்போதே சுருண்டு விழுந்துட்டாராம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயும் பிரயோஜனமில்ல."

சட்டியில் நான்கு உருண்டை வெந்துகொண்டிருந்தது. அவற்றை எடுத்து வடியவைத்தாள். அடுப்பைத் தணித்தாள். அப்புறம்தான் முந்தித் துணியை முகத்தில் பொத்திக்கொண்டு அழுதாள். அழுதது பொய்யில்லை. ஆனால் அந்த அழுகைக்கு ஒரு நொடி முன்னால் வேறொன்று நெஞ்சில் சுருக்கென்று குத்தியது. இந்த ஆளுக்கு எனக்கு முன்னாடி எப்படித் தெரிந்தது?

பதினாலு வருஷமாக அவள் எவாரிஸ்டோவின் ஆள். அவள் புருஷன் சொல்வெசியில் சுரங்க லாரி ஓட்டுகிறவன்; மாதத்துக்கு ஒருமுறை வந்து துணி துவைக்கப் போட்டுவிட்டுப் போவான். ராத்திரி பதினொரு மணிக்கு அவள் மாவு பிசைய உட்காரும்போது வீட்டில் இருக்கும் ஒரே ஆண் குரல் எவாரிஸ்டோவுடையது. பத்து மணியிலிருந்து இரண்டு மணி வரை ரேடியோவில் அவருடைய 'விழித்திருப்போர் நேரம்'. வியாழக்கிழமை தோறும் மாவுக்கையைக் கழுவிவிட்டு அவள் போன் போடுவாள். லைன் கிடைத்ததும் அவர், "வந்துட்டாய்யா என் வியாழக்கிழமை!" என்பார். அவள் கதை சொல்ல ஆரம்பிப்பாள். பக்கத்து வீட்டுக்காரியின் ஆடு போலீஸ் ஸ்டேஷனுக்குள் புகுந்து இன்ஸ்பெக்டர் தொப்பியைத் தின்ற கதை, கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் பல்செட் சூப்பில் விழுந்த கதை. அவர் சிரிப்பார். தொண்டைக்குள்ளேயே உருண்டு உருண்டு கடைசியில் இருமலாக வெளியே வரும் சிரிப்பு.

அந்தச் சிரிப்பால் அவளுக்கு ஊரில் ஒரு பெயரே வந்துவிட்டது. பேருந்தில் சில்லறை கேட்டால்கூட, "நீங்க வியாழக்கிழமை லவ்னெஸ்தானே? குரல்லயே கண்டுபிடிச்சேன்" என்பார்கள். போன வருஷம், போன் பண்ணுகிறவர்கள் இரண்டு நிமிஷத்துக்குமேல் பேசக்கூடாது என்று எவாரிஸ்டோ ஒரு சட்டம் போட்டார். லாரிக்காரன், நர்ஸ், சாராயக்கடைக்காரி யாராக இருந்தாலும் இரண்டு நிமிஷத்தில் பாட்டைப் போட்டுவிடுவார். லவ்னெஸை மட்டும் வெட்டவே இல்லை. நேயர்கள் சேர்ந்து நடத்தும் விழித்திருப்போர் சங்கத்துக்கு அவள்தான் செயலாளர். ஒவ்வொரு கூட்டத்திலும் எப்படியாவது இந்த இரண்டு நிமிஷ விஷயத்தை நடுவில் நுழைத்துவிடுவாள்.

"எனக்கு மட்டும் அந்தச் சட்டம் கிடையாது. ஏன்னு நீங்களே யோசிச்சுக்கங்க" என்பாள்.

---

புதன்கிழமை காலையில் சிம்வெம்வே பகுதியில் அவருடைய வீட்டுக்குப் போனபோது தெருவே அடைத்துக் கிடந்தது. கூடத்திலிருந்த சோபா, அலமாரியெல்லாம் வெளியே எடுத்துப் போட்டிருந்தார்கள். உள்ளே தரையில் மெத்தை விரித்துக் குடும்பத்துப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். வாசலில் பந்தல், அதன் கீழே கரியடுப்பைச் சுற்றி ஆண்கள். கொல்லையில் பெரிய பானைகளில் ந்ஷீமா என்கிற சோளக்களி கிண்டிக்கொண்டிருந்தார்கள். எவாரிஸ்டோ மனைவியை இழந்தவர், பிள்ளையில்லை. துக்கம் முழுக்க அவருடைய அக்கா அஸ்ட்ரிடாவின் தலையில் விழுந்திருந்தது.

அக்காவின் தலையில் மட்டும் விழுந்ததாக நேயர்கள் நினைக்கவில்லை. யாருக்கு எவ்வளவு பாத்தியதை என்று வேலியோரத்தில் ஒரு போட்டியே நடந்தது. ந்டோலாவிலிருந்து வந்த நர்ஸ் ஒருத்தி, "என் பொறந்தநாளன்னிக்கு என் பேரை ரெண்டு தடவை சொன்னாரு, ரெண்டு தடவை!" என்று விரலை நீட்டிக் காட்டினாள். தடித்த ஒரு லாரிக்காரன் மண்ணில் உட்கார்ந்து, "எனக்கு இனிமே ரோடு தெரியாதுடா" என்று கதறினான். லவ்னெஸ் ஒவ்வொருவரையும் ஏற இறங்கப் பார்த்தாள். நர்ஸின் கண்ணில் ஈரமே இல்லை. லாரிக்காரன் அழுகை நிஜந்தான், ஆனால் அவன் பெயரை எவாரிஸ்டோ ஒருநாளும் சரியாகச் சொன்னதில்லை. மனசுக்குள் கழித்துக் கழித்துப் பார்த்ததில் கடைசியில் அவள் ஒருத்திதான் மிஞ்சினாள். அது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

சங்கத்துக்காரர்கள் எல்லோரும் வெள்ளை டீ-ஷர்ட்டில் வந்திருந்தார்கள். எவாரிஸ்டோ தினமும் நிகழ்ச்சி முடிக்கும்போது சொல்லும் வாக்கியத்தை நெஞ்சில் கறுப்பாக அச்சடித்த டீ-ஷர்ட். 'விடிய இன்னும் நேரம் இருக்கு. ஆனா முழிச்சிருக்கறது நீ மட்டும் இல்ல.' அந்த வாக்கியத்தைத் தேர்ந்தெடுத்ததும், போன வருஷம் அச்சுக்கடையில் நின்று அடித்து வாங்கி வந்ததும் லவ்னெஸ்தான்.

சங்கத் தலைவர் சிகாஸ்வே அவளைத் தேடிக்கொண்டு வந்தார். சுரங்கத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். காது மந்தம், அதனால் ரகசியத்தையும் உரக்கத்தான் சொல்வார்.

"லவ்னெஸ்! அக்கா உன்னைக் கூப்பிடறாங்க. செயலாளர் யாருன்னு கேட்டாங்க. சர்ச்சுல நேயர் சார்பா ஒருத்தர் பேசணும்ல, அதுக்காகத்தான் இருக்கும்."

வேறு யாரைக் கூப்பிடுவார்கள்? அவள் தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு போனாள்.

அஸ்ட்ரிடா பின்னறையில் தனியாக உட்கார்ந்திருந்தாள். அறுபத்தைந்து வயதிருக்கும், இரண்டு கண்ணிலும் புரை. மடியில் ஒரு பிளாஸ்டிக் பை.

"உட்காரும்மா. நீதான் செயலாளரா? இது தம்பி தினமும் ரேடியோவுக்குத் தூக்கிட்டுப் போற பை. மாத்திரை இருக்கும்னு பார்த்தேன். மாத்திரைக்கு அடியில இந்தக் கட்டு. முப்பத்தி நாலு லெட்டர். பொண்டாட்டி எழுதுனதைக்கூட அவன் பத்திரமா வச்சவன் இல்ல. என் கண்ணுக்கு எழுத்து தெரியாது. என் மவன் ஒண்ணு ரெண்டு படிச்சுக் காட்டினான், எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப்போச்சு. கீழ பேரு இல்ல. 'மூணாம் கேட்'னு மட்டும் இருக்கு. யாரு இது? அவங்கதான் சர்ச்சுல பேசணும்னு எனக்கு ஆசை."

லவ்னெஸ் மேலாக இருந்த கடிதத்தை எடுத்தாள். எடுத்ததுமே தெரிந்துவிட்டது. கோடு போட்ட தாள். வண்டி எண், வந்த நேரம், போன நேரம் என்று மேலே அச்சடித்திருந்தது. புள்ளி வைக்கவேண்டிய இடத்திலெல்லாம் குட்டிக் குட்டியாக வட்டம். அந்த வட்டங்களைச் சங்கத்து வருகை நோட்டில் மாதாமாதம் பார்க்கிறவள் அவள். இரீன் முசுக்வா. சுரங்கத்து மூணாம் கேட்டில் ராத்திரிக் காவல் பார்க்கும் பெண். கூட்டத்துக்குக் காக்கி உடுப்போடு வந்து பின்வரிசையில் உட்காருவாள். திக்குவாய் என்பதால் பெயரைக் கேட்டால்கூட எழுதித்தான் காட்டுவாள். அவள் இரண்டு வார்த்தை சேர்த்துப் பேசி யாரும் கேட்டதில்லை.

லவ்னெஸ் கடிதத்தைப் படித்தாள். 'ஐயா, விடிய இன்னும் நேரம் இருக்கு. கேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு நாய். இந்தப் பக்கம் நான். முழிச்சிருக்கறது நான் மட்டும் இல்லன்னு அந்த நாயைப் பார்த்ததும்தான் தெரிஞ்சுது.'

அவளையறியாமல் கை நெஞ்சுக்குப் போய் டீ-ஷர்ட்டை இறுக்கிப் பிடித்தது. அடுத்ததை எடுத்தாள். அதில் ஒரு வரி. எவாரிஸ்டோ ஈஸ்டர் ராத்திரியில் சொல்லி, அவள் மாவுப் பாத்திரத்தின் முன்னால் கண்கலங்கிய வரி. அவரே யோசித்துச் சொன்னது என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள். பேருந்து நிலையத்தில் எத்தனையோ பேரிடம் அதைச் சொல்லிக் காட்டியிருக்கிறாள். அவர் வாய் எல்லாருக்கும் பொதுவாகவே இருந்திருக்கலாம்; ஆனால் அவர் வாய்க்குள் இன்னொருத்தி இருந்திருக்கிறாள். பின்வரிசையில் வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்த ஒருத்தி.

கடிதத்தை வேகமாக மடித்துக் கட்டின் மேலே போட்டாள்.

"என்னம்மா, தெரியுதா?" அஸ்ட்ரிடா முகத்தை முன்னால் நீட்டினாள். சொல்ல வாயெடுத்தால் 'இரீன்' என்று வரும். அந்தப் பெயர் நாக்கில் ஏற மறுத்தது. கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது. ஆத்திரத்தில் வந்த நீர். புரை விழுந்த கண்ணுக்கு அது எப்படித் தெரிந்ததோ.

"அடியம்மா," என்றாள் அஸ்ட்ரிடா மெதுவாக. "நீதானா?"

இல்லை என்று சொல்ல ஒரு நொடி போதும். அந்த நொடி வந்தது, நின்றது, போய்விட்டது. அஸ்ட்ரிடா அதற்குள் அவள் தோளைக் கட்டிக்கொண்டு அழ ஆரம்பித்திருந்தாள்.

"மூணாம் கேட்னா என்னடி பொண்ணே?"

"எங்க... எங்க வீடு அந்தப் பக்கந்தான்மா," என்றாள் லவ்னெஸ்.

"எழுதறது நான்னு அவன்கிட்டயே சொல்லலையா?"

"வெக்கமா இருந்துச்சு."

பொய் சொல்வது அவளுக்குப் புதிதில்லை, பதினாலு வருஷப் பழக்கம். ஆனால் அதெல்லாம் சிரிப்பதற்காகச் சொன்னது.

"எல்லாம் உனக்குச் சேர வேண்டியது. புதைச்சுட்டு வந்ததும் உன் கையிலயே தந்துடறேன். அதுவரைக்கும் என் மடியில கிடக்கட்டும்" என்றாள் அஸ்ட்ரிடா. பிறகு அவள் கையைப் பிடித்துக் கூட்டிப்போய், கூடத்தில் குடும்பத்துப் பெண்களோடு மெத்தையில் உட்காரவைத்தாள்.

---

வியாழக்கிழமை முழுவதும் லவ்னெஸ் உள்ளே இருந்தாள். அத்தை, சித்தி, மச்சினி என்று ஒவ்வொருத்தியும் வந்து அவள் கன்னத்தைத் தடவினார்கள். கப்பென்டா மீன் குழம்பு முதல் தட்டிலேயே அவளுக்கு வந்தது. வாசலில் நின்ற ந்டோலா நர்ஸ் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து வயிறெரிந்தது தெரிந்தது. அதைப் பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

காலை பத்து மணிக்குக் காவல் வேலை முடிந்து நேராக இரீன் வந்தாள். காக்கி உடுப்பு, புழுதி பூட்ஸ், கையில் ஒரு பொட்டலம் சர்க்கரை. சிகாஸ்வே பந்தலிலிருந்து எழுந்து, அவருடைய வழக்கமான குரலில் தெரு முழுக்கக் கேட்கும்படி சொன்னார்:

"இரீன், கேட்டியா சங்கதி? எவாரிஸ்டோ ஒருத்தரோட லெட்டரையெல்லாம் பையில வச்சுத் தூக்கிட்டே திரிஞ்சிருக்காரு. யாருன்னு பார்த்தா நம்ம லவ்னெஸ்! 'மூணாம் கேட்'னு கையெழுத்து போட்டிருக்கா! அமுக்கமா இருந்திருக்கா பாரு, கூட்டத்துல ஒரு வார்த்தை சொன்னாளா?"

இரீன் சர்க்கரைப் பொட்டலத்தை யாரிடமோ கொடுத்தாள். கதவு வழியாக உள்ளே பார்த்தாள். லவ்னெஸ் தலையைக் குனிந்துகொள்ள நினைத்தாள்; ஆனால் குனியவில்லை. திருப்பிப் பார்த்தாள். இரீன் முகத்தில் கோபம் வரும் என்று காத்திருந்தாள். கோபம் வந்தால் தனக்கும் வசதியாக இருக்கும், பதிலுக்குக் கோபப்படலாம். அப்படி எதுவும் வரவில்லை. இரீன் கொஞ்சநேரம் பார்த்துவிட்டுச் சுவரோரமாகப் போய் உட்கார்ந்தாள்.

'அவளால பேச முடியாது,' என்று லவ்னெஸ் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். 'சர்ச்சுல ஏத்திவிட்டா திணறிப்போவா. ஜனம் சிரிக்கும். ஒருவிதத்துல நான் அவளைக் காப்பாத்தியிருக்கேன்.' இதைச் சாயங்காலம்வரை திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒருதடவை கூட அது ஒட்டவில்லை.

சாயங்காலம் அஸ்ட்ரிடா அந்தக் கடிதக் கட்டிலிருந்து ஒன்றைத் தடவித் தடவித் தேடி எடுத்தாள்.

"நாளைக்கு நீ தனியா எதுவும் பேச வேண்டாம். உன் லெட்டர்ல ஒண்ணைப் படி, போதும். எந்த லெட்டர்னு என் விரலே சொல்லிடுச்சு. பாரு, இதைத்தான் அவன் பிரிச்சுப் பிரிச்சு மடிச்சிருக்கான். மடிப்புல நைஞ்சே போச்சு. காலைல சர்ச்சுல உன் கையில தர்றேன்."

---

வெள்ளிக்கிழமை சர்ச்சில் இடமில்லாமல் ஜனம் ஜன்னல்களில் தொங்கியது. சவப்பெட்டி முன்னால் இருந்தது. பாதிரியார் பேசினார், ரேடியோவிலிருந்து ஒருவர் பேசினார். பிறகு, "நேயர்கள் சார்பில் திருமதி லவ்னெஸ் கட்டோங்கோ" என்றதும் ஒரு சலசலப்பு எழுந்தது. அந்தச் சலசலப்பு அவளுக்குப் பிடித்திருந்தது. அஸ்ட்ரிடா கையிலிருந்து கடிதத்தை வாங்கிக்கொண்டு மைக்கின் முன்னால் போய் நின்றாள். சுவரோரம் கடைசித் தூணுக்குப் பக்கத்தில் காக்கி உடுப்பு தெரிந்தது. அந்தப் பக்கம் பார்க்காமல் படிக்க ஆரம்பித்தாள்.

"எவாரிஸ்டோ ஐயா, நேத்து ராத்திரி ரெண்டு மணிக்குக் கொஞ்சம் முன்னாடி ஒரு லாரி வந்தது. நல்ல மழை. நான் பேப்பரை வாங்கிக் கையெழுத்து போடற நேரத்துல டிரைவர் ரேடியோவை அணைக்கல. அவர் ரேடியோவுலயும் நீங்க, என் ரேடியோவுலயும் நீங்க, நடுவுல மழை. அவர் பேரை நான் கேக்கல. அவரும் என் பேரைக் கேக்கல. கேட்டைத் திறந்துவிட்டேன். வண்டி போனதுக்கு அப்புறம் உங்க குரல் பாதி குறைஞ்ச மாதிரி இருந்தது."

முன்வரிசையில் யாரோ விம்மினார்கள். பின்னாலிருந்த சங்கத்துக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதையும் லவ்னெஸ் கவனித்தாள். மாவுருண்டை பொரிக்கிறவள் எந்தக் கேட்டைத் திறந்துவிட்டாள்? லாரி பேப்பரில் எதற்குக் கையெழுத்துப் போட்டாள்? காது மந்தமான சிகாஸ்வேகூடக் கையைக் காதருகில் குவித்துக்கொண்டு புருவத்தைச் சுருக்கினார். அவள் தொண்டையைக் கனைத்துக்கொண்டு அடுத்த பத்திக்குப் போனாள்.

"ஐயா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். இனிமே யாரா இருந்தாலும் ரெண்டு நிமிஷம்தான்னு சொன்னீங்க. நல்லதுதான். ஆனா வியாழக்கிழமை..."

கண் அதே வரியில் கொஞ்சம் தள்ளி விழுந்தது. அவளுடைய பெயர்.

நின்றுவிட்டாள். கண் மட்டும் மேற்கொண்டு ஓடி அந்தப் பத்தியை முடித்துவிட்டுத் திரும்பியது. மைக் இரைந்தது. தாண்டிவிடலாம். கீழே இன்னொரு பத்தி இருந்தது, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், அந்த இருமலுக்கு ஏதாவது செய்யுங்கள் என்று. அதைப் படித்துவிட்டு இறங்கினால் யாருக்கும் எதுவும் தெரியாது. கடிதங்கள் அவளுடையவை. மெத்தை அவளுடையது. ஆனால் தாண்டினால் இந்தப் பத்தி யார் காதிலும் விழாமலே போய்விடும். எவாரிஸ்டோ கிழியும்வரை மடித்து வைத்திருந்த தாளில் தன் பெயர் இருந்தது ஒருத்தருக்கும் தெரியாது. ந்டோலா நர்ஸுக்குத் தெரியாது. லாரிக்காரனுக்குத் தெரியாது. முப்பத்தி நாலு கடிதத்தையும் எழுதினவள் என்கிற பெயரைவிட, இந்த ஒரு பத்தியில் இருப்பவள் என்கிற பெயர்தான் தனக்கு வேண்டும் என்று அவளுக்கு அங்கேயே, அத்தனை பேர் முன்னால், பட்டென்று தெரிந்தது. நல்லவளாக வேண்டும் என்று அவள் அதைப் படிக்கவில்லை. ஆசையில் படித்தாள்.

"ஆனா வியாழக்கிழமை பேசற சிம்வெம்வே லவ்னெஸுக்கு மட்டும் அந்தச் சட்டம் வேண்டாம். அவங்க சொல்றதுல பாதி பொய். ஆடு இன்ஸ்பெக்டர் தொப்பியைத் தின்னதை நான் நம்பல..."

எங்கோ ஒருவன் பொத்திக்கொண்ட வாயிலிருந்து சிரிப்பு பிய்த்துக்கொண்டு வந்தது. அப்புறம் ஒரு வரிசை, அப்புறம் ஜன்னலில் தொங்கியவர்கள். பாதிரியார்கூட மூக்கைத் துடைப்பதுபோல் குனிந்தார். லவ்னெஸ் நிறுத்தவில்லை.

"ஆனா அவங்க பேசும்போது நீங்க சிரிக்கறீங்க. வேற யார் பேசினாலும் நீங்க அப்படிச் சிரிக்கறதில்ல. ஆறு ராத்திரி நீங்க எங்களைத் தேத்தறீங்க. ஒரு ராத்திரி உங்களை ஒருத்தர் சிரிக்க வைக்கட்டும். அவங்களை வெட்டிடாதீங்க. இப்படிக்கு, மூணாம் கேட்."

கடைசிப் பத்தியை விட்டுவிட்டாள். தாளை மடித்தாள். சிரிப்பு மெல்ல அடங்கியது. அடங்கிய இடத்தில் ஒரு குழப்பம் வந்து உட்கார்ந்தது. அஸ்ட்ரிடா முன்வரிசையில் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். காதில் விழுந்ததை அவள் கூட்டிப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது.

"இதை எழுதினது நான் இல்ல," என்றாள் லவ்னெஸ். "அதோ, அந்தத் தூண் பக்கம் காக்கி உடுப்புல இருக்கறாளே, இரீன் முசுக்வா. எல்லா லெட்டரும் அவளோடதுதான். எனக்கு புதன்கிழமையே தெரியும்."

சர்ச் முழுதும் ஒரே நேரத்தில் திரும்பியது. இரீன் தூணின் பின்னால் பாதி மறைந்துகொண்டாள்.

---

கல்லறைக்குப் போகும் திறந்த லாரியில் லவ்னெஸுக்கு இடம் கொடுக்க யாரும் நகரவில்லை. சிகாஸ்வே மேலிருந்து குனிந்து, "வெக்கமா இல்ல உனக்கு? செத்தவன் வீட்டுல திருட்டு! அதுவும் வார்த்தையைத் திருடியிருக்கே!" என்று அவர் குரலில் சொன்னார். மற்ற லாரிகளுக்கும் அது கேட்டது. கடைசியில் மூலையில் உட்கார்ந்திருந்த இரீன்தான் காலை மடக்கி இடம் விட்டாள். வேறு வழியில்லாமல் அவளுக்குப் பக்கத்திலேயே லவ்னெஸ் உட்கார்ந்தாள். பெண்கள் பாட ஆரம்பித்தார்கள். பாட்டின் மறைவில் பேசலாம்போல் இருந்தது.

"நேத்தே நீ சொல்லியிருக்கலாம்ல? 'இவ பொய் சொல்றா'ன்னு?"

"சொ... சொல்லி முடிக்கறதுக்குள்ள பு... புதைச்சே முடிச்சிருப்பாங்க," என்றாள் இரீன்.

லவ்னெஸுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"கோவமில்லையா?"

"இருக்கு." கொஞ்சதூரம் போனதும் இரீன் கேட்டாள்: "ப... படிச்சீங்களே அக்கா. எப்படி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சு. அதான் எரிஞ்சுது."

இரீன் தலையாட்டினாள். அவள் பேச எடுத்துக்கொண்ட நேரத்தில் லாரி இரண்டு திருப்பம் திரும்பியது. அவள் சொன்னதை ஒட்டுமொத்தமாகச் சேர்த்தால் இவ்வளவுதான்: மூன்று வருஷத்தில் எழுதிய எந்தக் கடிதத்துக்கும் எவாரிஸ்டோ சிரித்ததை அவள் கேட்டதில்லை. வரியை எடுத்துச் சொல்வார், குரல் இறங்கும், ஒரு பாட்டைப் போடுவார். வியாழக்கிழமை வந்தால் இந்த லவ்னெஸ் அக்கா ஆட்டைப் பற்றி ஏதோ உளறுவாள், அந்த மனுஷன் விழுந்து விழுந்து சிரிப்பார். கேட்டில் நின்றுகொண்டு அதைக் கேட்கிறபோது ரேடியோவைத் தூக்கித் தரையில் அடிக்கலாம்போல இருக்கும்.

"அப்புறம் எதுக்கு என்னை வெட்ட வேண்டாம்னு எழுதினே?"

"அவர் சி... சிரிக்கணும்ல," என்றாள் இரீன், இதுகூடப் புரியவில்லையா என்பதுபோல.

லவ்னெஸாக இருந்தால் எழுதியிருக்கமாட்டாள். அது அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. தெரிந்ததும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள்மேல் இன்னும் கொஞ்சம் பொறாமை ஏறியது.

கல்லறையில் பூ வைக்கக் கூப்பிட்டபோது, "நேயர்கள் சார்பில், இரீன் முசுக்வா" என்று மட்டும் கூப்பிட்டார்கள். லவ்னெஸ் கூட்டத்தின் பின்னால் நின்று, முன்னால் நிற்பவர்களின் தோள்களுக்கு இடையே எட்டிப் பார்த்தாள். இரீன் மஞ்சள் பூங்கொத்தை மண்ணில் குத்தினாள். அது சாய்ந்தது. மறுபடி குத்தினாள்.

---

வீடு திரும்பியதும் அஸ்ட்ரிடா இரீனை உள்ளே கூட்டிப்போனாள். லவ்னெஸிடம் ஒரு வார்த்தை பேசவில்லை, திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். போய்விடலாமா என்று யோசித்தாள். போனால் இனி இந்தத் தெருவில் தலைகாட்ட முடியாது என்று தோன்றியது. கொல்லைக்குப் போய், ந்ஷீமா பானைகளைத் தேய்த்துக்கொண்டிருந்த பெண்களோடு உட்கார்ந்தாள். அவர்கள் இருப்பதிலேயே பெரிய, அடிப்பிடித்த பானையை அவள் பக்கம் உருட்டிவிட்டார்கள்.

"வார்த்தையெல்லாம் எடுத்துக்கிட்டேல்ல, இதையும் எடுத்துக்க," என்றாள் ஒருத்தி.

மணல் போட்டுத் தேய்த்தாள். தோள் வலித்தது. ஜன்னல் வழியாக உள்ளே நடப்பது காதில் விழுந்தது. அஸ்ட்ரிடா இரீனைப் படிக்கச் சொல்கிறாள். இரீன் முதல் வரியில் முட்டுகிறாள். மறுபடி முட்டுகிறாள். மெத்தையிலிருந்த பெண்கள் பொறுமையாக, "நிதானமாப் படி, நிதானமாப் படி" என்கிறார்கள். பிறகு சத்தம் நின்றது.

கொல்லைக் கதவில் இரீன் வந்து நின்றாள்.

"அக்கா, வா... வாங்க. நான் படிச்சா ஒரு வா... வாரம் ஆகும்னு அந்தம்மா சொல்றாங்க."

"அவங்களே என்னைக் கூப்பிட்டாங்களா?"

"இல்ல. நா... நான் கூப்பிடறேன்."

கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு லவ்னெஸ் உள்ளே போனாள். அஸ்ட்ரிடா அவள் பக்கம் முகத்தைத் திருப்பவில்லை. கடிதக் கட்டை மட்டும் அவள் பக்கம் தள்ளினாள். "சத்தமா படி. ஒரு வார்த்தையைக்கூட முழுங்காதே," என்றாள்.

லவ்னெஸ் படித்தாள். அவள் குரல் நல்ல குரல். கூடத்துக்கு வெளியே பந்தல்வரை கேட்டது. ஆண்கள் ஒவ்வொருவராக எழுந்து வாசற்படிக்கு வந்தார்கள். இரீன் அஸ்ட்ரிடாவின் தோளோடு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்து, தான் எழுதியதைத் தானே முதல் தடவையாகக் கேட்கிறவள்போல் வாயைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு கேட்டாள். அஸ்ட்ரிடா அவள் கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

நான்காவது கடிதம் முடிந்தது, ஐந்தாவது முடிந்தது. ஒவ்வொன்றையும் பிரிக்கும்போது, படிக்கத் தொடங்கும் முன்னால், லவ்னெஸின் கண் தாள் முழுவதும் ஒரு ஓட்டம் ஓடித் தன் பெயரைத் தேடியது. ஆறாவதில் இல்லை. ஏழாவதில் ந்டோலா நர்ஸைப் பற்றி நான்கு வரி இருந்தது, நல்ல வரிகள். அவற்றையும் சத்தமாகத்தான் படித்தாள். வாசலில் அந்த நர்ஸ் ஓவென்று அழுதது கேட்டது. எட்டாவதை எடுத்தாள்.

வேலியோரத்தில் கதறிய அந்தத் தடித்த லாரிக்காரனைப் பற்றி மட்டும் இரண்டு கடிதம் இருந்தது. இரண்டும் நீளமானவை.